ஆவுடைத்தாய் வீட்டு அடுப்பு

செண்பகக்கனி தீயில் போன பதினாறாம் நாள், காரியம் முடிந்து பந்தல் பிரித்த கையோடு, கரட்டுப்பட்டி ஜனம் மொத்தமும் காளியம்மன் கோயில் முன்னால் கூடி, கொம்பையாவுக்கு இனிமேல் ஊரில் தீயும் கிடையாது தண்ணியும் கிடையாது என்று கட்டுப் போட்டது. அன்று மத்தியானத்திலிருந்து, செத்த பிள்ளையின் தாய் ஆவுடைத்தாய் வீட்டு அடுப்பு பற்றவில்லை.

கட்டுப் போடுவதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. கெடுதல் பட்ட வீட்டார் தங்கள் அடுப்பிலிருந்து எரிகிற கொள்ளி ஒன்றை எடுத்துவந்து, அம்மன் முன்னால் வைத்த செம்புத் தண்ணீரில் முக்கி அணைக்க வேண்டும்; அணைந்த பிறகு கெடுதல் செய்தவன் வீட்டோடு ஒருத்தரும் நெருப்பு வாங்கக் கூடாது, கொடுக்கக் கூடாது, ஊர்க் கிணற்றில் அவன் வாளி இறங்கக் கூடாது, அவன் வீட்டில் சாவு விழுந்தாலும் எட்டிப் பார்க்கக் கூடாது. ஆவுடைத்தாய் கொள்ளியை யார் கையிலும் தரவில்லை. தலைமுடி அவிழ்ந்து கிடக்க, கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி வந்து செம்பில் முக்கினாள். சுர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கூட்டத்துக்கு வெளியே, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், கொம்பையாவின் தாய் சீனியம்மாள் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

கொம்பையா அரிவாள் எடுத்தவன் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஊருக்கு வடக்கே இருந்த தீப்பெட்டி ஆபீசில் அவன் போர்மேன். ஆவுடைத்தாய்க்கு மருமகன் முறை, அத்தை அத்தை என்று அவள் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கல் என்பதால் பிள்ளைகள் நேரத்தோடு நழுவிவிடுவார்கள் என்று பின்வாசல் கதவை வெளிப்பக்கம் கொண்டி மாட்டிவிட்டு, எதிரில் டீ குடிக்கப் போனான். மருந்து முக்கிய குச்சிகள் காய்கிற அறையில் பொறி விழுந்தது. முப்பத்தியொரு பேர் முன்வாசல் வழியாக ஓடி வந்தார்கள். செண்பகக்கனி உட்கார்ந்திருந்த இடம் பின்வாசல் பக்கம். அவளுக்கு இருபது வயது.

முதலாளி மறுநாளே நெஞ்சுவலி என்று மதுரையில் போய்ப் படுத்துக்கொண்டார். போலீஸ் கொம்பையாவைப் பிடித்தது, பத்தாம் நாள் ஜாமீனில் விட்டார்கள். கொண்டி மாட்டியது நிஜம், ஆனால் சத்தம் எதுவும் காதில் விழவில்லை என்று அவன் எழுதிக் கொடுத்திருந்தான். வக்கீல் சொல்லிக் கொடுத்தது.

இனி அடுப்பைச் சொல்கிறேன். அன்று மத்தியானம் ஆவுடைத்தாய் உலை வைக்கக் குச்சியை உரசினாள், பற்றவில்லை. ஒரு பெட்டி முழுவதும் உரசினாள். எங்கள் கையால் அடுக்கி, எங்கள் கையால் மருந்து முக்கி, டில்லி வரைக்கும் போய்ப் பற்றுகிற குச்சி, எங்கள் ஊர் வீட்டில் பற்றவில்லை.

"நமுத்த குச்சியா இருக்கும் மதினி" என்று பக்கத்து வீட்டுப் பாக்கியம் தன் வீட்டுப் பெட்டியைக் கொண்டு வந்து உரசினாள். பிறகு தன் அடுப்பிலிருந்து கங்கு அள்ளி வந்தாள். வாசல்படி தாண்டியதும் கங்கு கரியானது. கேஸ் அடுப்பு உஸ்ஸென்று இரைந்ததே தவிர ஒரு நீலப்பூ பூக்கவில்லை. சரி, இன்றைக்கு ஒரு வேளைதானே என்று பாக்கியம் தன் வீட்டில் சோறு வடித்து, புளிக்குழம்பு ஊற்றி, இலையால் மூடிக் கொண்டுபோனாள். படி தாண்டுகிறபோது தட்டு லேசானது. இலையை நீக்கிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று அரிசி, அதன்மேல் கொட்டையோடு புளி.

ஆவுடைத்தாயையும் அவள் இளைய மகள், ஆறு வயதுக் குருவம்மாளையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துப் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் அவர்கள் இரண்டு பேர் தட்டில் மட்டும் இட்லி மாவாக வழிந்தது, டீ தண்ணியும் தூளுமாகப் பிரிந்து நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நர்சம்மா குருவம்மாளுக்குப் பிஸ்கட் கொடுத்து, குழந்தை வாயெல்லாம் மாவு ஒட்டியதைப் பார்த்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வயிற்றுக்கோளாறு என்று சீட்டில் எழுதித் தந்தாள். நாங்களும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம்.

ஊர் பழகிவிட்டது. பழகாமல் என்ன செய்யும்? தெருத்தெருவாக நாள் பிரித்துக்கொண்டு, ஒருநாள் வெள்ளரிக்காய், ஒருநாள் பச்சைக் கடலை, ஒருநாள் இளநீர், வாழைப்பழம் என்று கொண்டுபோய் வைத்தோம். "உனக்கென்ன மதினி, ஊரெல்லாம் கரிச்சட்டி தேய்க்குது, நீ ராணி மாதிரி இருக்க" என்று பாக்கியம் சிரிக்கவைக்கப் பார்த்தாள். வேறு காலமாக இருந்தால் ஆவுடைத்தாய் இரண்டு வசவாவது திருப்பிக் கொடுத்திருப்பாள். கோடாங்கி வந்தான். சூடம் ஏற்றினான், அணைந்தது; இன்னொன்று ஏற்றினான், அதுவும் அணைந்தது; உடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டு, தட்சிணை கூடக் கேட்காமல் நடையைக் கட்டினான்.

ஆவுடைத்தாய்க்குத் தன் பசி பெரிதாகத் தெரியவில்லை. என் பிள்ளையைத் தின்ற நெருப்பு என் வீட்டுக்குள் வராததே நல்லது என்றுகூட அவள் நினைத்திருக்கலாம், பெற்ற வயிறு அப்படித்தான் நினைக்கும். ஆனால் குருவம்மாள் இருந்தாளே. பச்சைக் கடலை அவள் வயிற்றில் நிற்கவில்லை, தின்றதெல்லாம் தண்ணியாகப் போனது. கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, கை சுள்ளி மாதிரி ஆகி, இருபது நாளுக்குள் நடக்கிறபோதே சுவரைப் பிடிக்க ஆரம்பித்தாள். காளியம்மன் நடையில் நெற்றி தேய ஆவுடைத்தாய் கிடந்தாள். "ஒண்ணை எடுத்துக்கிட்ட. நான் ஒண்ணும் கேக்கல. என்னையும் எடுத்துக்கோ. இதை மட்டும் விட்டுரு தாயே, இதை மட்டும்." அம்மன் எப்போதும் போலக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்திமூன்றாம் நாள் பகலில் குருவம்மாளைக் காணோம். தேடிக்கொண்டு ஆவுடைத்தாய் தெருமுனைக்குப் போகிறபோது, கிழக்கே இருந்து பிள்ளை மெதுவாக வருகிறாள், உதடெல்லாம் கரி, கையில் பாதி கடித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. சுட்ட கிழங்கு. தோல் கருகி, உள்ளே மஞ்சளாக வெந்து, ஆவி பறக்கிற கிழங்கு. ஆவுடைத்தாய் நெருப்புப் பட்ட பண்டத்தைத் தன் பிள்ளை கையில் பார்த்து இருபத்திமூன்று நாள் ஆகியிருந்தது.

"யாரு குடுத்தா?"

பிள்ளை கிழங்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்தது.

"ஏட்டி, யாரு குடுத்தான்னு கேக்கேன்."

"கொம்பையா மச்சான்."

பளாரென்று ஒரு அறை. கிழங்கு புழுதியில் உருண்டது. குருவம்மாளுக்கு அழக்கூடத் தெம்பில்லை, உருண்ட இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாக்கியம் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தெருவில் யாரும் இல்லை என்று நினைத்து ஆவுடைத்தாய் குனிந்து அந்தக் கிழங்கை எடுத்தாள், மண்ணைக்கூடத் தட்டாமல் கடித்தாள். தெருமுனைக்கு அப்பால் கொம்பையா இன்னும் பிள்ளை போன வழியைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவள் கவனிக்கவில்லை; அது வெந்த கிழங்காகவே இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மண்ணும் கரியுமாக விழுங்கினாள். எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து நாங்கள் பார்த்தோம், பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

மறுநாள் ஊர் கூடியது. ஊர்த்தலைவர் சோலையப்பன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "கட்டுன்னா கட்டுதான். எங்கப்பா காலத்துல இருந்து ஒரு கட்டும் அவுந்ததில்ல" என்றார்.

"அண்ணாச்சி, கட்டு யாருக்குப் போட்டீக? பட்டினி கிடக்கது யாரு?" என்று பாக்கியம் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "ஒரு மாசமா நானும் யோசிக்கேன். அன்னைக்குச் செம்புல முக்கி அணைச்சது எந்த வீட்டுத் தீயி? அவன் வீட்டுத் தீயா? பிள்ளையப் பறிகுடுத்தவ அடுப்புல இருந்து கொள்ளியப் பிடுங்கி அணைச்சுப்புட்டு, இப்ப பத்தலையேன்னு சூடம் கொளுத்துதோம்."

எத்தனையோ தலைமுறையாக அப்படித்தான் செய்து வந்திருக்கிறோம், ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

கட்டும் அவிழக் கூடாது, பிள்ளையும் சாகக் கூடாது என்று ஊர் யோசித்து யோசித்து, கொம்பையா தன் வீட்டில் பொங்கித் தரட்டும், பாக்கியம் வாங்கிக்கொண்டு போகட்டும் என்றது; பாக்கியம் கைக்கு மாறியதும் சோறு அரிசியானது. அவனே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான்; அவன் முதுகு மறைந்ததும் அரிசியானது. அவன் கையால் பற்றவைத்து, அவர்கள் கடைசி வாய் விழுங்குகிற வரைக்கும் அவன் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. கட்டு கட்டாகவே இருக்கட்டும், காலையில் ஒரு வேளை, உலை கொதித்து உண்டு முடிக்கிற நேரம் மட்டும் அவன் ஊருக்குள் வரலாம், வருகிற வழியில் ஒருத்தரும் அவனோடு பேசக் கூடாது என்று சோலையப்பன் முடித்துவைத்தார்.

"எம்பிள்ளைய எரிச்ச கையி எம்அடுப்ப எரிக்கவா?" என்று ஆவுடைத்தாய் மண்ணை வாரிப் போட்டாள். அப்போது அவள் மடியில் கிடந்த குருவம்மாள், தூக்கத்தில் எதையோ மெல்லுகிற மாதிரி வெறும் வாயை மென்றாள். ஆவுடைத்தாய் கோயில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சுவரிடம்தான் சொன்னாள். "வரச் சொல்லுங்க."

முதல் நாள் விடிந்து அவன் வந்தான். தலையைத் தொங்கப்போட்டு, தெருவின் நடுவில், இரண்டு பக்கமும் நாங்கள் நிற்க, ஒரு சொல் இல்லாமல் நடந்து வந்தான். பின்னாலேயே வந்த சீனியம்மாள் தெருமுனையில் நின்றுவிட்டாள், அதற்குமேல் அவளுக்கு அனுமதி இல்லை. அவன் அடுப்பின் முன்னால் குந்தி ஒரு குச்சியை உரசினான். முதல் உரசலிலேயே பற்றியது. ஆவுடைத்தாயால் அதைத்தான் தாங்க முடியவில்லை. தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு, "பத்துதே, பத்துதே, இவன் கையில பத்துதே" என்று அலறினாள். சோறு கொதித்தது. குருவம்மாள் சுடச்சுட இரண்டு கையாலும் அள்ளித் தின்றாள்.

இரண்டு நாள் அவள் அவனைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள், உலை கொதிக்கிற நேரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டாளா?"

கொம்பையாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "சாப்பிட்டா அத்தை. மொச்சைக் குழம்பு. எனக்கும் ஒரு உருண்டை குடுத்தா. உப்புக் கூடிப்போச்சு, எங்கம்மா தூக்கத்துல வச்ச குழம்புன்னு சிரிச்சா" என்றான்.

அவ்வளவுதான் அன்றைக்கு. அன்று முதல் தினம் ஒரு கேள்வி. எந்தக் கோர்ட்டிலும் கேட்காத கேள்வி. பக்கத்தில் யார் இருந்தார்கள்? பொங்கலுக்கு என்ன சேலை உடுத்தப்போகிறேன் என்று சொன்னாளா? நீ கொண்டி மாட்டும்போது அவளைப் பார்த்தாயா? டீக்கடையில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாய், எத்தனை டீ குடித்தாய், நின்று குடித்தாயா உட்கார்ந்து குடித்தாயா? ஒவ்வொன்றுக்கும் அவன் சொன்னான், சொல்லச் சொல்ல ஒடுங்கினான். அவளுக்கோ, பாதி எரிந்த படம் ஒன்றை யாரோ துண்டு துண்டாகக் கையில் கொடுக்கிற மாதிரி, கொடுமையாகவும் இருந்தது, வேண்டியும் இருந்தது.

பிறகு ஒருநாள் கேட்டாள்: "தட்டுனாளா?"

"எனக்குக் கேக்கல அத்தை."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அதற்கு மறுநாளும். பதினோரு நாள் இப்படியே. சோறு மட்டும் எப்போதும் போல வெந்தது. நெருப்புக்கு மெய் பொய் தெரியாது, பெற்றவளுக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் நாள். மறுநாள் கோர்ட்டில் வாய்தா. குருவம்மாள் தின்று முடித்து, வெளியே பாக்கியத்தோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அடுப்பில் நெருப்பு இன்னும் இருந்தது.

"தட்டுனாளா?"

கொம்பையா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"கேட்டுச்சு அத்தை. நல்லாக் கேட்டுச்சு. பிள்ளைக விளையாடுதாகன்னு நெனச்சேன். 'சும்மா கிடங்கடி, பொங்கல் எங்கயும் ஓடிராது'ன்னு டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டே கத்துனேன். சிரிச்சேன் அத்தை. நான் சிரிச்சேன்."

ஆவுடைத்தாய் கத்தவில்லை. எழுந்தாள், வெளியே வந்தாள், கதவை இழுத்துச் சாத்தி வெளிக்கொண்டியை மாட்டினாள். உள்ளே அவன், எரிகிற அடுப்பு, பனையோலைக் கூரை.

"தட்டுலே" என்றாள் கதவைப் பார்த்து. "எம்மக எப்படித் தட்டுனான்னு எனக்குக் கேக்கணும்."

பிறகு தட்டினான். முதலில் இரண்டு விரலால், விளையாட்டுப் போல. பிறகு கையை மடக்கி. பிறகு உள்ளங்கையால், பிறகு இரண்டு கையாலும், பிறகு நிறுத்தாமல், பலகை அதிர அதிர. தெரு முழுக்க வந்து நின்றுவிட்டது. முப்பத்தியொரு பேரில் பாதிப் பேர் அங்கே நின்றார்கள், அந்தச் சத்தம் அவர்களுக்குத் தெரிந்த சத்தம், காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்கள். அடுப்படியில் இருந்த சுள்ளிக் கட்டில் நெருப்பு தாவியிருக்க வேண்டும், ஓலைச் சந்தில் புகை வந்தது.

தெருமுனையைத் தாண்டிச் சீனியம்மாள் ஓடி வந்தாள். கட்டாவது ஒன்றாவது. ஆவுடைத்தாய் காலைக் கட்டிக்கொண்டாள். "மதினி, நான் பெத்தது மதினி. ஒண்ணே ஒண்ணு மதினி."

"நானும் பெத்தேன்" என்றாள் ஆவுடைத்தாய். கை கொண்டியின் மேலேயே இருந்தது.

அவன் திற என்று கேட்கவே இல்லை. இருமினான், தட்டினான், நகத்தால் பிராண்டினான். பிறகு சத்தம் நின்றது.

"இங்கதான் நின்னுச்சா?" என்று அவள் கதவோடு காதை வைத்துக் கேட்டாள்.

"இங்கதான் நின்னுச்சு அத்தை" என்று உள்ளே தரைப்பக்கமிருந்து குரல் வந்தது.

நாங்கள் ஒருத்தரும் போய்க் கொண்டியை எடுக்கவில்லை. சோலையப்பன் எடுக்கவில்லை, பாக்கியம் எடுக்கவில்லை. சாமி அதை எங்கள் பேரில் எழுதித்தான் வைத்திருக்கும். ஆவுடைத்தாய்தான் எடுத்தாள். எடுத்துவிட்டுக் கையிலிருந்த கொண்டியைப் பார்த்தாள், மறுபடி மாட்டினாள், மறுபடி எடுத்தாள்.

"இம்புட்டு நேரந்தானா?" என்றாள் எங்களைப் பார்த்து. "இத எடுக்க இம்புட்டு நேரந்தானா?"

பிறகுதான் எங்களுக்குக் கால் நகர்ந்தது. அவனை இழுத்துப் போட்டோம், தண்ணீர் ஊற்றினோம், கூரையில் ஒரு மூலைதான் கருகியிருந்தது. தெருப்புழுதியில் மூச்சு வாங்கிக் கிடந்தவன் முன்னால் ஆவுடைத்தாய் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் கோர்ட்டுல இதச் சொல்லு."

"சொன்னா உள்ள போட்டுருவாக அத்தை."

"தெரியும்."

"நான் உள்ள போயிட்டா உங்க அடுப்பு... குருவு..."

"தெரியும்லே. பொய்யத் தின்னு எம்பிள்ளை வளர வேண்டாம். சொல்லு."

அவன் சொன்னான். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாராம். இரண்டு வருஷம் என்று தீர்ப்பாகி அங்கிருந்தே கூட்டிப்போய்விட்டார்கள் என்ற சேதி, சாயந்தர பஸ்ஸில் வந்து இறங்கிய சோலையப்பன் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு மாசத்துக்கு முன்னால் அந்தச் சேதிக்கு ஊர் வெடி போட்டிருக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வீடு நேரத்தோடு கதவைச் சாத்திக்கொண்டோம்.

விடிந்ததும் ஆவுடைத்தாய் வீட்டு வாசலில் கூட்டம். யாரையும் யாரும் கூப்பிடவில்லை. அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து குச்சியை உரசினாள். பற்றவில்லை. இரண்டாவது, மூன்றாவது. பாக்கியம் கும்பிட்ட கையை இறக்கவில்லை, நாங்கள் எல்லாரும் வாய்க்குள் எங்கள் எங்கள் தெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஏழு, எட்டு. ஒன்பதாவது குச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் வந்து, போய்விடுவதா இருப்பதா என்று தயங்கி, இருந்தது.

உலை கொதித்தது. வடித்தாள். தட்டில் போட்டபோதும் சோறு சோறாகவே இருந்தது, ஆனால் அதை நம்ப ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. பற்களுக்கு நடுவில் போகிறபோது மாறிவிட்டால்? ஒரு வாய் எடுத்துப் பிசைந்து ஊதிக் குருவம்மாளுக்கு ஊட்டினாள். பிள்ளையின் தாடை அசைவதையே ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. குருவம்மாள் மென்றாள், நிறுத்தினாள், முகத்தைச் சுளித்தாள். ஆவுடைத்தாய்க்கு முகம் செத்துப்போனது.

"அம்மா," என்றாள் பிள்ளை, "உப்பு இல்ல."

செண்பகக்கனி போனதிலிருந்து ஆவுடைத்தாய் அழுத அழுகையெல்லாம் அழுகையே இல்லை, அன்றைக்கு அழுததுதான் அழுகை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை பயந்து அவள் முதுகைத் தடவிக்கொடுக்கிற அளவுக்கு அழுதாள். அழுது முடித்து உப்புச் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். சமைக்காத வீட்டில் உப்பு யார் வாங்கி வைத்தது, ஒரு கல் இல்லை. பாக்கியம் தன் வீட்டுக்குத் திரும்பினாள். ஆவுடைத்தாய் அவளைக் கையமர்த்திவிட்டு வாசலுக்கு வந்து, எங்கள் எல்லார் தலைக்கும் மேலாகப் பார்த்தாள். தெருமுனையில், வரக் கூடாத கோட்டுக்கு அந்தப் பக்கம், கண்மாயிலிருந்து சுமந்து வந்த குடம் இடுப்பில் இருக்க, சீனியம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"மதினி, ஒரு கை உப்பு இருக்கா?"

சோலையப்பன் தொண்டையைச் செருமினார். பிறகு வழி விட்டு ஒதுங்கி நின்றார். சீனியம்மாள் குடத்தை அப்படியே தெருவில் இறக்கி வைத்துவிட்டு, வீட்டைப் பார்த்து ஓடினாள்.